கிணத்தடிப் பள்ளத்தில நீர்முள்ளி வளக்கலாமோ?

விசுவமடுப் பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட தோட்டம் விசுவமடுப் பக்கம், பூசணியும் பாகலும் அரை ஏக்கர், கரையில ரெண்டு வரிசை கத்தரி. இந்தமுறை பூசணி பூக்குது பூக்குது, பிஞ்சுதான் நிக்குதில்லை, சுண்டுவிரலளவு வந்து மஞ்சளாகி விழுது. அம்மா உரம் காணாது எண்டுறா, எனக்கெண்டா தேனி காணாது எண்டுதான் படுது, ஏனெண்டா விடியப்புறம் போய் நிண்டு பாத்தா எறும்பைத் தவிர ஒண்டையும் காணேல்லை. தோட்டத்துக்குக் கீழ்ப்பக்கம் கிணத்துத் தண்ணி வடியிற பள்ளம் ஒண்டு கிடக்கு, மாரிக்கு முழங்காலளவு தண்ணி, வைகாசிக்கு வெடிச்சுப் போயிடும். அதில தேனி வாற பூ ஏதும் வைப்பமெண்டு போன வருசம் கடையில செவ்வந்தி வாங்கி வச்சன், அழுகிப்போச்சு. சின்னனில குளக்கட்டடியில கத்தரிப்பூ நிறத்தில பூத்து முள்ளோட நிக்குமே நீர்முள்ளி, அதில எந்த நேரமும் வண்டு நிக்கும். அதை வேணுமெண்டு வளத்த ஆக்கள் இருக்கிறியளோ? கண்டு புடுங்கி வைக்கிறதோ, விதையோ?

வவுனிக்குளம் அக்கா:
விதைதான் தம்பி. கண்டு புடுங்கப் போய் நான் ரெண்டுதரம் முள்ளுக்குத்து வாங்கினதுதான் மிச்சம், கொண்டு வந்து வச்சதும் வாடிப்போச்சு. இப்ப ஆவணிதானே, குளத்து அலைகரையில போன மாரிக்கு நிண்ட செடியெல்லாம் காஞ்சு பழுப்பா நிக்கும். கணுவுக்குக் கணு முள்ளு, அந்த முள்ளுக்கு நடுவிலதான் விதைக்கூடு. கையால தொடாதேங்கோ, செடியை அடியோட வெட்டிச் சாக்கில போட்டு மேலால தடியால தட்டுங்கோ, பேந்து சுளகில புடைச்சா சின்னத் தட்டை விதை வரும். நாக்கில நனைச்ச விரலால ஒண்டைத் தொட்டுப் பாருங்கோ, சர்பத்தில ஊறின கசகசா மாதிரி வழுவழுப்பாகி விரலோட ஒட்டிக்கொள்ளும், அப்ப அதுதான் சரியான விதை. ஐப்பசி மழை துடங்க முதல் பள்ளத்தின்ர கரையில தூவுங்கோ, நடுப் பள்ளத்தில வேண்டாம், முதல் வெள்ளத்தோட அள்ளுப்பட்டுப் போயிடும். மண்ணால மூடவும் வேண்டாம், மழை பட விதை சேத்தோட ஒட்டி அங்கயே முளைக்கும். உரம் ஒண்டும் தேவையில்லை. தைக்குப் பிறகு இடுப்பளவு வளந்து பூக்கும்.

இன்னொண்டு, விதை எடுக்கிறன் எண்டு ஆள் போகாத பத்தையளுக்குள்ள இறங்காதேங்கோ. மிதிவெடி எண்டு எச்சரிக்கைப் பலகை போட்ட இடங்கள் இன்னும் இருக்கு.

கமக்காரன் (நெடுங்கேணி):
நான் அம்பது வருசமாப் புடுங்கி எறியிறதை நீங்கள் விதைச்சு வளக்கப் போறியள் 😄 தம்பி கோவிக்காதேங்கோ, வயல்காரனுக்கு அது களைதான். வரம்பில ஒண்டு நிண்டா அருவி வெட்டேக்க வெறுங்காலோட நடக்க ஏலாது, மாடும் வாய் வைக்காது. பள்ளத்துத் தண்ணி ஆற்றயும் வயலுக்குப் போகுதோ எண்டு முதல் பாருங்கோ, போகுதெண்டா விதை அந்த வழியாப் போய்ச் சேந்திடும், பிறகு சண்டைதான். ஆனா ஒண்டு சொல்ல வேணும், என்ர அப்பு சலக்கடுப்புக்கு நீர்முள்ளி அவிச்சுத்தான் குடிக்கிறவர். சிங்கள ஆக்களும் நீரமுல்லிய எண்டு அதே பேரைத்தான் சொல்லுவினம்.

பூநகரித் தோட்டம்:
ஐயா சொல்லுறது சரி, வயலுக்குத் தண்ணி போற பக்கமெண்டா வேண்டாம். ஆனா தம்பி நீர்முள்ளி பூக்கும்வரைக்கும் உங்கட பூசணி காத்திருக்காது. பூசணிப்பூ விடிய விரிஞ்சு மத்தியானத்துக்கு முதல் சுருங்கிப்போயிடும், அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ள தேனி வந்தால்தான் உண்டு. அதால இப்போதைக்குக் காலமை ஆறு ஏழு மணிக்கு ஆண்பூவொண்டைப் புடுங்கி இதழை உரிச்சுப்போட்டு, அடியில குட்டிப் பிஞ்சு இருக்கிற பெண்பூவுக்குள்ள நல்லாத் தேயுங்கோ. நாங்கள் அப்பிடித்தான் செய்யிறனாங்கள். பூசணி பூக்காத மாசங்களிலயும் பூச்சிக்குச் சாப்பாடு இருந்தால்தான் அது அந்தப் பக்கமாவே தங்கும், நீர்முள்ளி அதுக்குத்தான் நல்லது.

கத்தரிக்கு வேற கதை. கத்தரிப்பூவில மகரந்தம் குழாய்க்குள்ள அடைச்சுக் கிடக்கும், தேனியால அதைக் குலுக்கி எடுக்க ஏலாது. பெரிய கறுத்த வண்டுதான் பூவைக் கட்டிப்பிடிச்சு ‘ர்ர்ர்’ எண்டு அதிர வைக்கும், மா மாதிரிக் கொட்டும். அந்த வண்டு காஞ்ச மரத்தைத் துளைச்சுத்தான் கூடு வைக்கிறது, அதால வேலியில பட்டுப்போன கதியாலை எல்லாம் புடுங்கி அடுப்பில வைக்காமல் ரெண்டு மூண்டை விடுங்கோ. மருந்து அடிச்சே ஆகவேணுமெண்டா பின்னேரம், பூவெல்லாம் மூடினாப் பிறகு.

விசுவமடுப் பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. தண்ணி வயலுக்குப் போகேல்லை ஐயா, எங்கட காணிக்குள்ளயே நிண்டு வத்துது. ஆண்பூ தேய்ச்ச ஆறில நாலு பிஞ்சு நிக்குது, அம்மா இப்ப உரக்கதையை விட்டிட்டா.

விசுவமடுப் பெடியன் (மாசி):
பழைய கதைக்கே திரும்ப வாறன். விதை ஒரு பிடி தூவினன், பதினொரு செடிதான் தேறினது. நேற்று முதல் பூ, கீழ் உதட்டில மஞ்சள் பொட்டு ஒண்டு இருக்கு, சின்னனில கவனிக்கேல்லை. வண்டும் வந்தது. ஆனா இலையெல்லாம் ஒரு கறுப்பு மயிர்க்கொட்டி அரிச்சுத் தள்ளுது, உடம்பு முழுக்க முள்ளு. என்ன மருந்து அடிக்கலாம்?

வவுனிக்குளம் அக்கா:
ஐயோ அடிச்சுப் போடாதேங்கோ! செம்மஞ்சள் செட்டையில மயில் கண் மாதிரிப் பொட்டு வச்ச வண்ணத்துப்பூச்சி பாத்திருப்பியள், அதின்ர குஞ்சாத்தான் இருக்கும். அது நீர்முள்ளி இலையில முட்டையிடுற சாதி. தின்னட்டும் விடுங்கோ, செடி சாகாது. ஆவணிக்கு விதை எடுக்கேக்க எனக்கும் ஒரு பேணி வையுங்கோ, இந்தமுறை எங்கட அலைகரையில ஆரோ நெருப்பு வச்சிட்டாங்கள்.