கேம் படம் டிவி ஓரத்துல வெட்டுப்படுதா? சரிசெய்த அனுபவங்களை இங்கே போடுங்க

விளிம்பு_1080:
ஸ்கோர் பாதிதான் தெரியுது, மினிமேப் (மூலையில் வர்ற சின்ன வரைபடம்) ஓரம் காணோம், சப்டைட்டில் கீழே முழுகிப்போகுது. இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருவதால் எல்லாத்தையும் ஒரே இடத்தில் சேர்த்துடலாம். டிவி எது, கன்சோல் எது, எந்த மெனுவில் எதை மாத்தினா சரியாகுது, இவ்வளவு போதும்.

காரணத்தை மட்டும் முதலில் சொல்லிடறேன். பத்தில் எட்டு கேஸ் ஓவர்ஸ்கேன்தான், அதாவது டிவியே படத்தைப் பெருசாக்கி ஓரத்தை வெட்டிடுது. பிக்சர் ட்யூப் டிவியில் ஓரங்களில் படம் வளையும். கரண்ட் ஏறி இறங்கினால் படத்தின் அளவே மாறும். அதை மறைக்கத்தான் படம் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழியிற மாதிரியே செட் பண்ணி அனுப்பினாங்க. எல்சிடி பேனலுக்கு அந்தத் தேவையே கிடையாது. ஆனாலும் எச்டிஎம்ஐ கேபிளில் 720பி, 1080ஐ, 1080பி மாதிரி எச்டி சிக்னல் வந்தால் அதை சேனல் ஒளிபரப்பு மாதிரியே நினைச்சு பல செட்டுகள் இன்னமும் படத்தைப் பெருசாக்குது.

1920 × 1080 படத்தில் ஒவ்வொரு பக்கமும் 2.5 சதவீதம் போனால் என்ன ஆகும்னு பாருங்க. இடது 48, வலது 48, மேலே 27, கீழே 27 பிக்ஸல் (படப் புள்ளி) காலி. மிச்சம் 1824 × 1026. அதைத் திரும்ப 1920 × 1080க்கு இழுக்கணும்னா ஒரு பிக்ஸல் 1.05 பிக்ஸலா ஆகணும். பேனலில் 1.05 புள்ளி ஏது? பக்கத்துப் புள்ளியோட கலந்துதான் காட்டும். எழுத்து மழுங்குறது அதனால்தான். ஓரம் வெட்டுப்படுவதை விட இதுதான் பெரிய நஷ்டம்னு நான் சொல்வேன். முழுப் படமும் மங்குதே!

ரிமோட்_பட்டன்:
டிவியில்தான் முதலில் கை வைக்கணும், கன்சோலில் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் இதுக்கு ஒரு பேர் வெச்சிருக்கான், அதான் ஆளாளுக்குக் குழம்புறாங்க.

சாம்சங்: செட்டிங்ஸ், பிக்சர், பிக்சர் சைஸ் செட்டிங்ஸ். 16:9 வெச்சுட்டு "ஃபிட் டு ஸ்கிரீன்" ஆன். பழைய செட்டில் பிக்சர் சைஸ் பட்டியலிலேயே "ஸ்கிரீன் ஃபிட்"னு தனியா இருக்கும். எல்ஜி: ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்குள்ள "ஜஸ்ட் ஸ்கேன்". சோனி: ஸ்கிரீன் மெனுவில் "டிஸ்ப்ளே ஏரியா", அதை "ஃபுல் பிக்ஸல்". பானசோனிக்: "16:9 ஓவர்ஸ்கேன்" ஆஃப். பிலிப்ஸில் "அன்ஸ்கேல்டு", ஷார்ப்பில் "டாட் பை டாட்". பேர் தெரியாத கம்பெனி டிவியில் ஜூம் மோட் பட்டனைத் தட்டிக்கிட்டே போனால் கடைசியில் இதில் ஏதாவது ஒண்ணு வரும். ஆனா எச்டிஎம்ஐயில் சிக்னல் ஓடிக்கிட்டு இருக்கும்போதுதான் வரும். கன்சோலை ஆஃப் பண்ணிட்டுத் தேடினா கிடைக்காது.

எதுவுமே இல்லையா? அந்த எச்டிஎம்ஐ போர்ட்டோட பேரை "பிசி"ன்னு மாத்திப் பாருங்க. பல சாம்சங் செட்டில் பேரை மாத்தினதுமே ஓவர்ஸ்கேன் போயிடும், எழுத்தைச் சுத்தி இருக்கிற வண்ணக் கசிவும் குறையும்.

இன்னொண்ணு: நிறைய டிவி இந்த செட்டிங்கை ஒவ்வொரு போர்ட்டுக்கும், ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் (பிக்ஸல் அளவுக்கும்) தனித்தனியா வெச்சுக்கும். 1080பியில் சரி பண்ணிட்டு 4கே எச்டிஆர் கேமுக்குப் போனா பழையபடி வெட்டும். டிவி கெட்டுப்போகலை, அங்கேயும் ஒரு தடவை மாத்தணும், அவ்வளவுதான்.

சர்வீஸ் மெனுவிலும் (மெக்கானிக்குகளுக்கான மறைவு மெனு) ஓவர்ஸ்கேன் எண்கள் இருக்கும். கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பக்கத்தையும் போனில் போட்டோ எடுத்துக்கோங்க. பக்கத்துலயே இருக்கிற பேனல் டைப்பைத் தெரியாம மாத்திட்டா படம் தலைகீழா நிக்கும், இல்லேன்னா திரையே வராது. அப்புறம் அந்த மெனுவைப் படிக்கவே முடியாது.

ஜாய்ஸ்டிக்_ஜமா:
டிவியை முடிச்ச பிறகு கன்சோலுக்கு வாங்க. பிஎஸ்4: செட்டிங்ஸ், சவுண்ட் அண்ட் ஸ்கிரீன், டிஸ்ப்ளே ஏரியா செட்டிங்ஸ். பிஎஸ்5: ஸ்கிரீன் அண்ட் வீடியோ, ஸ்கிரீன், அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ஏரியா. ஸ்விட்ச்: சிஸ்டம் செட்டிங்ஸ், டிவி செட்டிங்ஸ், அட்ஜஸ்ட் ஸ்கிரீன் சைஸ். எல்லாத்துலயும் அளவை முழுசா, அதாவது 100 சதவீதத்தில் வைங்க. மூலையில் இருக்கிற அம்புக்குறியோட கூர்முனை முழுசா தெரியணும். தெரியலேன்னா டிவி இன்னும் வெட்டுதுன்னு அர்த்தம், ரிமோட்டுக்குத் திரும்பிப் போங்க.

பெரும்பாலானவங்க இதைத் தலைகீழா பண்றாங்க. டிவியைத் தொடாம கன்சோலில் படத்தைச் சுருக்கிடறாங்க. கன்சோல் 1824 × 1026க்குச் சுருக்குது, டிவி அதைத் திரும்ப ஊதுது. பொருந்தின மாதிரி இருக்கும், ஆனா படம் ரெண்டு தடவை அடிவாங்கியிருக்கும். பின்னாடி யாராவது டிவியில் ஜஸ்ட் ஸ்கேன் போட்டா நாலு பக்கமும் கறுப்புச் சட்டம் வந்து நிக்கும். அப்போ குத்தம் கன்சோலில்.

எக்ஸ்பாக்ஸ் ஆட்கள் கவனிக்க: வீடியோ ஃபிடெலிட்டி அண்ட் ஓவர்ஸ்கேன் பக்கத்தில் "ஆப்ஸ் கேன் ஆட் எ பார்டர்" இருக்கு. பேரிலேயே இருக்கு, அது ஆப்களுக்கு. கேம் படத்துக்கு அதை நம்பாதீங்க.

எச்டிரெடி_768:
மேலே சொன்னதெல்லாம் முழு எச்டி பேனலுக்குச் சரி. 32 இஞ்ச் எச்டி ரெடி டிவியில் பேனல் பெரும்பாலும் 1366 × 768. கன்சோல் அனுப்புவதோ 1280 × 720 அல்லது 1920 × 1080. புள்ளிக்குப் புள்ளி என்ற பேச்சே இல்லை, எப்படியும் ஸ்கேலிங் (படத்தை அளவு மாற்றிப் பொருத்துவது) நடக்கும். அதனால் இந்த செட்டில் ஓவர்ஸ்கேனை நிறுத்த வழி இல்லாவிட்டால், கன்சோலில் சுருக்குவதைப் பாவமாக நினைக்க வேண்டாம். 720பி, 1080பி இரண்டையும் வைத்து, கேமில் உள்ள மிகச் சிறிய எழுத்து எதில் தெளிவாகத் தெரிகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். கணினி என்றால் விஜிஏ போர்ட்டில் (பழைய மானிட்டர் இணைப்பு) 1366 × 768 ஏற்கிறதா என்று பாருங்கள். ஏற்றால் எச்டிஎம்ஐயை விட அதில் எழுத்து கூர்மையாக இருக்கும்.

டிரைவர்_அப்டேட்:
கம்ப்யூட்டரில் ரெண்டு விதமான தொல்லை. ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு போட்டு டிவியில் கொடுத்தால் சில சமயம் வெட்டாது, மாறாக நாலு பக்கமும் கறுப்பு விட்டு நடுவில் படம் நிக்கும். டிவி எப்படியும் வெட்டும்னு டிரைவரே முன்கூட்டிச் சுருக்கிடுது. ஏஎம்டியோட அட்ரினலின் மென்பொருளில் டிஸ்ப்ளே பக்கம் போய் "எச்டிஎம்ஐ ஸ்கேலிங்" கோட்டை 0க்கு இழுத்தால் முடிஞ்சுது.

என்விடியா கார்டில் கன்ட்ரோல் பேனல், "அட்ஜஸ்ட் டெஸ்க்டாப் சைஸ் அண்ட் பொசிஷன்". "நோ ஸ்கேலிங்" வைங்க. அங்கேயே டெஸ்க்டாப்பைச் சுருக்கும் வசதியும் உண்டு. ஆனா அது ஒரு புது, சின்ன ரெசல்யூஷனை உருவாக்கும். கேமை 1920 × 1080 ஃபுல்ஸ்கிரீனில் ஓட்டினால் பழைய வெட்டு திரும்ப வந்துடும். கேமுக்குள்ளயும் அதே சின்ன ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுக்கணும், இல்லேன்னா பார்டர்லெஸ் விண்டோவில் (ஓரச் சட்டம் இல்லாத விண்டோ) ஓட்டணும்.

கேசட்_காலம்:
பழைய கன்சோல் கதையே வேறு. பிஎஸ்2, கேசட் போடும் பழைய செட் எல்லாம் பெரும்பாலும் 4:3 படம். டிவி 16:9ல் இருந்தால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்; டிவியில் 4:3 வைத்தால் போதும், இரண்டு பக்கமும் கறுப்பு இருப்பதுதான் சரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி–எச்டிஎம்ஐ பெட்டிகள் 4:3 படத்தை அப்படியே 16:9க்கு இழுத்து அனுப்பும். எச்டிஎம்ஐயில் எச்டி சிக்னல் வரும்போது சில டிவிகள் 4:3 தேர்வையே பூட்டிவிடும். அப்படியானால் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, டிவியின் ஏவி உள்ளீட்டில் நேரே மஞ்சள் பின்னைச் செருகுங்கள்.

மேலும் கீழும் பட்டை, படம் நசுங்கினாற்போல், ஓட்டமும் மந்தம் என்றால் அது பால் (PAL) பதிப்பு, அதாவது 576 வரி, 50 ஹெர்ட்ஸ் டிவிக்கான பதிப்பு. 480 வரிக்குச் செய்த படத்தை மாற்றாமல் 576 வரிக்குள் வைத்ததால் மேலே 48, கீழே 48 வரி காலி. 60க்குப் பதில் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவு. டிவியில் ஜூம் செய்தால் பட்டை போகும், வேகம் வராது. கேமில் 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சூப்பர் மரியோ ப்ரோஸ் 3ஐ எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்) முழுப் படமாக ஓட்டினால் வலது ஓரத்தில் வண்ணம் சிதறி மினுக்கும். ட்யூப் டிவி அந்த ஓரத்தை மறைத்துவிடும் என்ற நம்பிக்கையில் விட்டது அது. இதற்கு மட்டும் எமுலேட்டரில் ஓவர்ஸ்கேன் மறைப்பை ஆன் செய்யுங்கள்.

விளிம்பு_1080:
கேமுக்குள்ளயே இருக்கிற செட்டிங்கையும் சேர்த்துக்கோங்க. ஜிடிஏ 5ல் டிஸ்ப்ளே பக்கத்தில் "சேஃப்ஸோன் சைஸ்" இருக்கு. அது படத்தைத் தொடாது, மேப்பையும் எழுத்தையும் மட்டும் உள்ளே நகர்த்தும். ஓட்டல் ரூம் டிவி மாதிரி மெனு பூட்டின செட்டுக்கு இதுதான் கை கொடுக்கும். தி ஆர்டர்: 1886 மாதிரி கேமில் மேலே கீழே வரும் கறுப்பு, சினிமா அகலத்துக்காக அவங்களே வெச்சது. அதுக்காக டிவியை நோண்டாதீங்க.

புதுசா_வந்தவன்:
எல்லாம் பாத்துட்டேன் அண்ணா. வலது பக்கம் மட்டும் வெட்டுது, இடது பக்கம் கறுப்புக் கோடு. இதுவும் ஓவர்ஸ்கேனா?

ரிமோட்_பட்டன்:
இல்லை தம்பி. ஓவர்ஸ்கேன்னா நாலு பக்கமும் ஒரே மாதிரி போகும். ஒரு பக்கம் போய் எதிர்ப்பக்கம் கோடு வந்தா படம் நகர்ந்திருக்கு. விஜிஏ கேபிளா இருந்தா டிவி மெனுவில் "ஆட்டோ அட்ஜஸ்ட்" தட்டு. திரை முழுக்க வெளிச்சமா ஒரு படத்தை வெச்சுட்டுத் தட்டு, கறுப்புப் படத்தில் அதுக்கு ஓரம் எங்கேன்னு தெரியாது. நின்டெண்டோவோட வீ (Wii) கன்சோலா இருந்தா அதோட ஸ்கிரீன் மெனுவில் "ஸ்கிரீன் பொசிஷன்" இருக்கு, இடது வலமா நகர்த்தலாம். பிஎஸ்2ன்னா அந்தந்த கேமோட ஆப்ஷன்ஸில் "ஸ்கிரீன் அட்ஜஸ்ட்" தேடு. எந்த கேபிள்னு சொல்லு முதல்ல.