சிபியு வேகம் 2.9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. எங்கே பார்ப்பது?

கல்யாண ஆல்பம்:
திருமண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஐ5-10400, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 10. முன்பு இரண்டு மணி நேரத்தில் முடிந்த எக்ஸ்போர்ட் இப்போது மூன்றை நெருங்குகிறது. டாஸ்க் மேனேஜரில் வேகம் 2.87, 2.88 என்று ஆணி அடித்த மாதிரி நிற்கிறது. வாங்கும்போது 4.3 வரை போகும் என்றார்களே? வைரஸ் ஸ்கேன் செய்தாயிற்று. பவர் பிளான் ஹை பெர்ஃபார்மன்ஸில்தான் இருக்கிறது, அதனால் கோளாறு அங்கே இல்லை.

பழைய போர்டு:
பிளானின் பெயரை நம்பாதீர்கள் தம்பி, உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ். ப்ராசஸர் பவர் மேனேஜ்மென்ட்டை விரித்தால் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட் என்று ஒன்று வரும். அதில் எவ்வளவு?

கல்யாண ஆல்பம்:
99 அண்ணா. ஒரு சதவீதம்தானே குறைவு?

பழைய போர்டு:
அந்த ஒன்றில்தான் விஷயமே. 100-க்குக் கீழே வைத்தால் டர்போ படுத்துவிடும். உங்கள் சிபியுவின் அடிப்படை வேகம் 2.9, அதற்கு மேல் போவதெல்லாம் டர்போதான். ஆனால் 99 தானாக வந்து உட்காராது. யாரோ போட்டிருக்கிறார்கள். ஏன்?

கல்யாண ஆல்பம்:
ஞாபகம் வருகிறது. போன சித்திரையில் எக்ஸ்போர்ட் நடுவே மெஷின் அணைந்துகொண்டே இருந்தது. ஒரு கடையில் கொடுத்தேன், மறுநாளே "சரியாகிவிட்டது" என்று தந்தார்கள்.

பழைய போர்டு:
சூட்டை மறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். 100 வைத்து, சிபியுவின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு எக்ஸ்போர்ட் ஓட்டுங்கள். 95 டிகிரியைத் தாண்டினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கல்யாண ஆல்பம்:
இருபது விநாடிகூட ஆகவில்லை, 98! ஃபேன் மாவு மில் மாதிரி கத்துகிறது. நிறுத்திவிட்டு மறுபடி 99 வைத்துவிட்டேன்.

ராத்திரி ஷிஃப்ட்:
இன்டெலோடு வந்த கூலரா? அப்படியென்றால் நான்கு மூலையிலும் உள்ள பிளாஸ்டிக் பின்களைப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், நானும் ஏமாந்திருக்கிறேன். கரண்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டின் பின்பக்கம் கறுப்பு முனை நான்கும் முழுசாக வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கல்யாண ஆல்பம்:
ஒரு மூலையில் பின் பாதியில் நிற்கிறது. கூலரைக் கழற்றினால், சிபியுவின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து விபூதி மாதிரி உதிர்கிறது.

ராத்திரி ஷிஃப்ட்:
ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். பின்களை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், ஒவ்வொன்றும் 'டிக்' என்று விழ வேண்டும்.

கல்யாண ஆல்பம்:
முடிந்தது. 100-ல் வைத்து முழு எக்ஸ்போர்ட் ஓட்டினேன், 74 டிகிரியைத் தாண்டவில்லை! ஆனால் 4.0-வில் கிளம்பி அரை நிமிடத்தில் 3.7-க்கு இறங்குகிறது. அப்புறம் சும்மா இருக்கும்போதும் வேகம் குறைவதே இல்லை.

பழைய போர்டு:
முதலாவது கோளாறு இல்லை. அந்தச் சிபியுவுக்கு 65 வாட்தான் கணக்கு. கொஞ்ச நேரம் அதை மீற விட்டு, பிறகு போர்டு இழுத்துப் பிடிக்கும். இரண்டாவதற்கு, அதே இடத்தில் மினிமம் ப்ராசஸர் ஸ்டேட் 100 என்று இருக்கும். 5 ஆக்கிவிடுங்கள். எக்ஸ்போர்ட்டுக்கு ஒன்றும் குறையாது.

கல்யாண ஆல்பம்:
ஆக்கிவிட்டேன், இப்போது சும்மா இருந்தால் 1-க்குக் கீழே வருகிறது. நன்றி அண்ணா. முகூர்த்த சீசனுக்குள் மூன்று வீடியோ பாக்கி, ஓடுகிறேன்.