பேச்சே இல்லாத படத்துக்கு லக்ஸ் விருதா?

கீழ்வரி
"லக்ஸ் விருது பன்முகப் பண்பாட்டுக்கு முழு நியாயம் செஞ்சது 2025-ல ஃப்ளோ படத்துக்குக் கொடுத்தப்பதான்"னு பக்கத்து இழையில ஒருத்தர் எழுதியிருக்கார். அதுக்குக் கீழ வரிசையா ஆமாம் சாமி வேற. விருது எதுக்குன்னு தெரிஞ்சுதான் எழுதறீங்களா?

ஐரோப்பிய நாடாளுமன்றம் 2007-ல ஆரம்பிச்ச திரைப்பட விருது இது. முதல் விருது ஃபதி அகினோட 'தி எட்ஜ் ஆஃப் ஹெவன்'. ஜெர்மன், துருக்கி, ஆங்கிலம்னு மூணு மொழி புழங்கற படம். இது பணமுடிப்பு கொடுத்துக் கைகுலுக்கற விருது இல்லை. இறுதிக்கு வர்ற படங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தோட 24 ஆட்சிமொழியிலும் சப்டைட்டில் போட்டுத் திரையிடறதுதான் இதோட உயிர். மால்டாக்காரர் மால்டீஸ்ல, எஸ்டோனியாக்காரர் எஸ்டோனியன்ல வாசிச்சுப் பார்க்கணும். ஃப்ளோவுல பூனை, நாய், கேப்பிபாரா, லெமூர், ஒரு பறவை. ஒரு வரிகூடப் பேச்சில்லை. 24 மொழியில எதைப் போடுவீங்க?

ஃபிரேம்24
சார், சப்டைட்டில் ஜெயிச்ச படத்துக்கு மட்டும் கிடைக்கறது இல்லை. ஓட்டுக்கு முன்னாடியே, இறுதிப் பட்டியல்ல இருக்கற எல்லாத்துக்கும் போட்டுடறாங்க. 2025-ல அஞ்சு படம். தஹோமே, அனிமல், இன்டர்செப்டட், ஜூலி கீப்ஸ் குவையட், இந்த நாலுக்கும் கிடைச்சாச்சு. ஃப்ளோ ஜெயிச்சதால யார் சோத்துல மண் விழுந்தது? 2020-ல முறையை மாத்தினதுலேர்ந்து பார்வையாளர்கள் ஒண்ணு முதல் அஞ்சு நட்சத்திரம் போடறாங்க. அதுக்குப் பாதி மதிப்பு, நாடாளுமன்ற உறுப்பினர்கள் போடறதுக்குப் பாதி. ஜனங்க போட்ட ஓட்டை நீங்க செல்லாதுன்னு சொல்லுவீங்களா?

கீழ்வரி
நட்சத்திரக் கணக்கை யார் கேட்டா? ஒரு வரிகூடப் பேச்சில்லை. அதுக்குப் பதில் சொல்லுங்க.

2017-ல சாமி பிளட் ஜெயிச்சது. சாமிங்கறது வடக்கு ஐரோப்பாவுல இருக்கற பழங்குடி, அவங்க மொழிக்கும் அதே பேர். தெற்குச் சாமியும் ஸ்வீடிஷும் பேசற படம். பள்ளிக்கூடத்துல சாமி பேசினா அடி. அந்தப் பொண்ணு எல்லே மார்யாங்கற பேரையே உதறிட்டு கிறிஸ்டினான்னு சொல்லிக்கறா. எந்த மொழி வாயில வருதுங்கறதுதான் அங்கே கதையே. சாமி ஒன்றியத்தோட ஆட்சிமொழிகூட இல்லை. அப்படி ஒரு மொழி 24 மொழி வாசகர் முன்னாடி போய் நின்னது பாருங்க, அதுக்குப் பேர் பன்முகம்.

நள்ளிரவுக் காட்சி
சரியா மாட்டினீங்க. அந்த 24 சப்டைட்டில்தான் பன்முகத்தைத் தட்டையாக்குது. 2010-ல ஜெயிச்ச டி ஃப்ரெம்டேயை எடுத்துக்கங்க. பெர்லின்ல இருக்கற துருக்கிக் குடும்பம். ஒரே சாப்பாட்டு மேசையில துருக்கியும் ஜெர்மனும் மாறி மாறி வரும். ஜெர்மன்காரருக்குத் துருக்கிக்கு மட்டும் கீழே எழுத்து வரும், அதனால மொழி மாறின இடம் தெரிஞ்சிடும். லிதுவேனியாக்காரருக்கு ரெண்டுக்கும் அதே வெள்ளை எழுத்து, அதே இடம். காதுக்கும் ரெண்டு மொழியும் புதுசு. யார் எப்போ மொழியை மாத்தினாங்கன்னு எப்படிப் பிடிப்பார்? ஃப்ளோவுல அந்த இழப்பே கிடையாது.

கீழ்வரி
இழக்க எதுவும் இல்லாததால இழப்பில்லை! அருமையான வாதம்.

நீங்க சொல்ற சிக்கல் சப்டைட்டில் வேலையில தினசரிப் பாடு, அதுக்கு வழியும் இருக்கு. 2022-ல ஜெயிச்ச க்வோ வாடிஸ், ஐடா படத்தைப் பாருங்க. ஐடா போஸ்னியாவுல ஸ்ரெப்ரெனிட்சாங்கற ஊர்ல, போர் சமயத்துல ஐ.நா. மொழிபெயர்ப்பாளர். டச்சு அதிகாரி ஆங்கிலத்துல சொல்றதை அவ போஸ்னியன்ல திருப்பிச் சொல்றா. ரெண்டுக்கும் எழுத்துப் போட்டா பார்க்கறவர் அதே வரியை ரெண்டு தடவை வாசிப்பார், அவ முகத்தைப் பார்க்க நேரம் இருக்காது. அதனால முதல் தடவை முழுசாப் போட்டுட்டு, ரெண்டாவது தடவை வெறும் திரையா விடணும். அவ எதையாவது விட்டாலோ மாத்தினாலோ மட்டும் மறுபடி எழுத்து வரணும். எங்கே விடறதுங்கறதுலதான் திறமை.

கணக்கும் சொல்றேன். ரெண்டு வரி, வரிக்கு 42 எழுத்து, மொத்தம் 84. நொடிக்கு 17 எழுத்துன்னு வாசிச்சா முழு சப்டைட்டிலுக்கு அஞ்சு நொடி வேணும். ஆள் மூணு நொடியில பேசி முடிச்சா 51 எழுத்துக்குள்ள சுருக்கியாகணும். ஃபின்னிஷ், ஹங்கேரியன்ல ஒரே சொல் வரியோட பாதியைத் தின்னுடும். இவ்வளவு பாடுபடறவங்களுக்குக் கை கொடுக்கற விருதைப் பேச்சில்லாத படத்துக்குக் கொடுத்தா என்ன அர்த்தம்?

மதுரைமைந்தன்
விருது படத்துக்கு அண்ணே, சப்டைட்டில் போடறவங்களுக்கு இல்லை.

ஃபிரேம்24
அவர் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. இந்தத் தொழில்ல பெரும்பாலும் முதல்ல ஒரு ஆங்கில டெம்ப்ளேட் வரும், அதாவது எழுத்து எப்போ வந்து எப்போ போகணும்ங்கற நேரக்குறியை மாத்த முடியாதபடி பூட்டின ஆங்கில சப்டைட்டில். மத்த மொழிக்காரங்க அதைப் பார்த்துதான் எழுதணும். துருக்கியில 'சென்', 'சிஸ்'னு நம்ம நீ, நீங்க மாதிரி ரெண்டு இருக்கு. ஆங்கிலத்துல ரெண்டும் 'யூ' ஆயிடும். அங்கேருந்து போலிஷ்காரர் ஊகிச்சு எழுதறார். 2015-ல ஜெயிச்ச மஸ்டாங்கை அப்படி ஒரு டெம்ப்ளேட்டை வச்சு மாத்தினா, பாட்டிகிட்ட பேத்தி காட்டற மரியாதையே தலைகீழாப் போகலாம். 24 மொழின்னு மார்தட்டறது ஆங்கிலத்தோட 23 பிரதியா இருந்தா அது பன்முகமா?

கீழ்வரி
டெம்ப்ளேட்டுல குறிப்புப் பத்தின்னு ஒண்ணு வைப்பாங்க, யார் யாரை எப்படிக் கூப்பிடறாங்கன்னு அதுல எழுதணும். எழுதாதது சோம்பேறித்தனம், முறையோட குத்தம் இல்லை. பேச்சை மாத்தாதீங்க. ஒரு வரிகூடப் பேச்சில்லை.

தேவகி_ஒலி
ஒலிப் பக்கத்துலேர்ந்து ஒண்ணு. ஜெயிக்கற படத்தைப் பார்வையற்றோர், காது கேளாதோருக்கு ஏத்த மாதிரி மாத்தித் தர்றதும் இந்தப் பரிசுல ஒரு பகுதியா இருந்தது. சாதாரணப் படத்துல ஒலி விவரிப்பை, அதாவது திரையில நடக்கறதைப் பார்வையற்றவங்களுக்குச் சொல்ற குரலை, வசனத்துக்கு நடுவுல கிடைக்கற ரெண்டு மூணு நொடி இடைவெளியில திணிக்கணும். வசனமே இல்லாத படத்துல கிட்டத்தட்ட 85 நிமிஷமும் விவரிப்பாளர்தான் சுமக்கணும். தண்ணி ஏறுது, பூனை படகுல தாவுதுன்னு ஒவ்வொண்ணையும் சொல்லணும், இசையை மூடாமலும் சொல்லணும். அதை ஒவ்வொரு மொழியிலும் தனியா எழுதி, தனிக் குரல்ல பதிவு செய்யணும். மொழி வேலை இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

கீழ்வரி
அது விவரிப்பு, பேச்சு இல்லை. நான் கேட்டது பேச்சு.

தேவகி_ஒலி
நீங்க கேட்டது "24 மொழியில எதைப் போடுவீங்க". மேலே போய்ப் பாருங்க.

நள்ளிரவுக் காட்சி
அவர் போய்ப் பார்க்க மாட்டார். டோனி எர்ட்மான் படத்தைப் பத்தின இழையிலயும் இதே கதைதான், நாலு பக்கம் ஓட்டினார்.

கீழ்வரி
டோனி எர்ட்மான்ல நான் சொன்னதுதான் சரின்னு இப்பவும் சொல்றேன். டி.சி.பி., அதாவது தியேட்டருக்கு அனுப்பற டிஜிட்டல் படத் தொகுப்பு, அதைப் பத்தி அன்னிக்கு நீங்க எழுதினதும் தப்பு. சப்டைட்டிலை வி.எஃப்.-ஆ, அதாவது மாறின பகுதி மட்டும் இருக்கற துணைத் தொகுப்பா, தனியா அனுப்பலாம், மொத்தப் படத்தையும் மறுபடி பண்ண வேண்டியதில்லை. ஆனா எதை எந்த வரிசையில ஓட்டணும்னு சொல்ற பட்டியல், சி.பி.எல்., புதுசாயிடும்; பூட்டின படத்தைத் திறக்கற பழைய கே.டி.எம். சாவி அதைத் திறக்காது. பல்கேரியனுக்கும் கிரேக்கத்துக்கும் அந்த எழுத்துகள் உள்ள ஃபாண்ட் வேணும். இன்டர்ஆப்ங்கற பழைய வகை டி.சி.பி.ன்னா ஃபாண்ட் 640 கே.பி.க்குள்ள இருக்கணும். பெரிய ஃபாண்ட்டை அப்படியே ஏத்தினா சில சர்வர்ல எழுத்தே வராது. இதெல்லாம் தெரியாதவங்க எனக்குப் பன்முகம் சொல்லித் தர வேண்டாம்.

மதுரைமைந்தன்
இத்தனை தமிழ் எழுதறீங்க, சப்டைட்டிலுக்குத் துணையுரைன்னு எழுதினா என்ன?

கீழ்வரி
துணையுரைன்னா உரைக்குத் துணை. அது வசனத்துக்குத் துணை நிக்கற எழுத்து. வசனம் இருந்தாத்தான் துணைக்கு வேலை. உங்க சொல்லே என் பக்கம் நிக்குது.

ஃபிரேம்24
அப்போ 'இன்டர்செப்டட்' படத்துல ரஷ்யச் சிப்பாய்கள் போன்ல பேசற குரல் மட்டும் கேக்குது, பேசற வாய் ஒண்ணுகூடத் திரையில தெரியாது. அதுக்கு என்ன சொல்றீங்க? அது பேச்சா, இல்லையா?

கீழ்வரி
அதுல பேச்சு இருக்கு. ஃப்ளோவுல ஒரு வரிகூட