ஐபாடின் ஒலியளவு: முழுதா, முக்காலா?

செம்புக்கம்பி: காரின் ஆக்ஸ் துளையில் (வெளிக் கருவியின் பாட்டை ஸ்டீரியோவுக்குள் அனுப்பும் துளை) ஐபாடைச் செருகியதும் அதன் ஒலியளவை முழுதாக ஏற்றிவிட வேண்டும் என்று நேற்று ஒருவர் இங்கே அடித்துச் சொல்லியிருக்கிறார். அப்படி ஏற்றினால் பல ஸ்டீரியோக்களின் உள்ளீட்டிலேயே ஒலி அலையின் உச்சங்கள் வெட்டுப்பட்டுவிடும். அதன்பின் ஸ்டீரியோவின் குமிழை எவ்வளவு குறைத்தாலும் கரகரப்பு நீங்காது. முக்கால் அளவே சரி.

வண்டலூரான்: அந்த ஒருவன் நான்தான்; பெயரைச் சொல்லியே திட்டலாம். 32 ஓம் ஹெட்போனை இயக்கும் ஐபாடின் சுற்றுக்கு, பல ஆயிரம் ஓம் மின்தடை உள்ள ஆக்ஸ் உள்ளீடு ஒரு சுமையே அல்ல. முக்காலில் நிறுத்திவிட்டு ஸ்டீரியோவை உயர்த்தினால், பாட்டோடு இரைச்சலும் சேர்ந்துதான் உயரும். கரகரப்பு கேட்கிறது என்றால், ஐபாடின் ஈக்வலைசரில் (ஒலியின் தன்மையை மாற்றும் அமைப்பு) தாழ்ந்த சுருதியைக் கூட்டும் பேஸ் பூஸ்டரைப் போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள்.

செம்புக்கம்பி: ஈக்வலைசரை நான் தொடுவதே இல்லை. நான் பேசுவது ஐபாடின் சுமையைப் பற்றியல்ல, ஸ்டீரியோ எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி. முக்கால் என்றால் முக்கால்தான்.

இரண்டாம்கியர்: இருவரும் ஹெட்போன் துளையையே ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்? ஐபாடின் அடிப்பக்கத்தில் 2003 முதல் வந்த 30 முனை இணைப்பிலிருந்து ஒரு கேபிள் வழியாக லைன் அவுட் (ஒலியளவுக் கட்டுப்பாட்டைத் தொடாமல் நேரே வரும் ஒலி) எடுத்தால், ஐபாடின் ஒலியளவுக்கு அங்கே வேலையே இல்லை.

செம்புக்கம்பி: அந்தக் கேபிளை வாங்கி, கூடவே சிகரெட் லைட்டரிலிருந்து சார்ஜும் ஏற்றிப் பாருங்கள், ஐயா. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஆல்டர்னேட்டரின் (வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் கருவி) ஊளையும் சுருதி ஏறி ஒலிக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் பாதை) சார்ஜர், ஆக்ஸ் என இரு வழியாகச் சுற்றி வருவதே காரணம். இடையில் அந்தச் சுற்றை அறுக்கும் ஐசோலேட்டர் போட வேண்டும் என்று நான் போன வருடமே எழுதியபோது கேலி செய்தவர் நீங்கள்தானே?

வண்டலூரான்: போன வருடத்தைத் தோண்டினால் எல்லாமே வெளியே வரும். ஐபாடின் பாட்டைக் கார் ரேடியோவுக்கு ஒலிபரப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரே போதும் என்று அப்போது சிபாரிசு செய்தவர் யார்? 91.1, 92.7, 93.5, 98.3 என்று நிலையங்கள் நெருக்கியடிக்கும் சென்னையில், உங்கள் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் கிண்டியைத் தாண்டுவதற்குள் தங்கள் பாட்டுக்கு நடுவே நகைக்கடை விளம்பரத்தைக் கேட்டார்கள். போதாக்குறைக்கு, எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான உச்ச சுருதி ஒலி எதுவும் வராது.

செம்புக்கம்பி: ஆக்ஸ் துளையே இல்லாத பழைய வண்டிக்கு என்றுதான் அதைச் சொன்னேன்; முழு வாக்கியத்தையும் படிக்கும் பழக்கம் சிலருக்கு இல்லை.

இரண்டாம்கியர்: பழைய வண்டிக்கு, கேசட் போடும் இடத்தில் செருகி ஐபாடை இணைக்கும் கேசட் அடாப்டர் இருக்கிறதே?

செம்புக்கம்பி: கேசட் ஹெட்டில் (நாடாவைப் படிக்கும் முனை) அழுக்கு சேர்ந்திருந்தால் அதுவும் மந்தமாகத்தான் ஒலிக்கும், ஆனால் அதற்கும் முக்கால் அளவுதான்.

வண்டலூரான்: முழுதாக வையுங்கள். இரைச்சல் குறையவில்லை என்றால், ஸ்டீரியோவின் மாடலைக் குறிப்பிட்டு எழுதுங்கள், பார்க்கலாம்.

செம்புக்கம்பி: மாடலைக் கேட்பவர் முதலில் தன்னுடையதைச் சொல்லட்டும்.