டிசம்பர் 21 அன்று நிழல் அளக்க ஆள் வேண்டும்

வணக்கம். சென்னையில் எங்கள் மொட்டைமாடியில், ஏழாவது படிக்கும் மகளும் நானும் ஒரு மீட்டர் பிவிசி குழாயைப் பூந்தொட்டியில் நட்டு உச்சிவேளை நிழலை அளக்கிறோம். போன டிசம்பர் 21 அன்று, 12.07 மணி வாக்கில், 74 செ.மீ. பொங்கலன்று 68தான்! உத்தராயணம் தை முதல் நாள்தான் என்று அம்மா சாதிக்கிறார். சூரியனோ மூன்று வாரம் முன்பே வடக்கே திரும்பிவிட்டது. பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால், நட்சத்திரங்களை வைத்துக் கணிக்கும் தை முதல் நாள் சூரியன் திரும்பும் நாளிலிருந்து விலகிக்கொண்டே போகிறது; இதுதான் அயன சலனம், 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெற்கே போகப் போக நிழல் குறைய வேண்டும். கன்னியாகுமரி, மதுரை, கோவை, யாழ்ப்பாணத்தில் இருப்பவர்கள் இந்த டிசம்பர் 21 அன்று அளந்து தர முடியுமா? குச்சி சரியாக ஒரு மீட்டர், தரைக்கு மேலே. செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனார் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் முதல் அளவு அதில்தான் சொதப்பியது. ஊருக்கு ஊர் உச்சிவேளை மாறும். அதனால் 11.50 முதல் 12.40 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் சாக்பீஸ் புள்ளி வைத்து, மிகக் குறைந்த நீளத்தை மட்டும் ஊர்ப் பெயரோடு இங்கே எழுதுங்கள். மேகம் மறைத்தால் மறுநாள் அளந்தாலும் போதும், அந்த வாரத்தில் நிழல் அவ்வளவாக நகராது.

அப்புறம், அம்மாவுக்கு அயன சலனத்தைப் புரியவைக்க எளிய வழி தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.