யாகூசா: லைக் எ டிராகன் வீடியோ கேம், 12ஆம் அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன்

மஜிமா, சாயெஜிமா என்ற இரண்டு எதிரிகளும் சேர்ந்து வரும் சண்டையில் ஒரு வாரமாக நிற்கிறேன். பிஎஸ்4, நார்மல் பதிப்பு.

முந்தைய யாகூசாக்களில் நாயகன் கிர்யூவை வைத்து பட்டனைத் தட்டித் தட்டியே ஜெயித்துப் பழகிய கை இது. 2020இல் வந்த இந்த ஏழாம் பாகம் அப்படியே டிராகன் குவெஸ்ட் பாணி: நம் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். கதையும் யோகோஹாமாவும் பிடித்திருக்கிறது, இதன் நாயகன் கசுகா கிர்யூவைவிடக் கலகலப்பு என்றுகூடச் சொல்வேன். ஆனால் இங்கே வேகத்துக்கு மதிப்பில்லை, லெவல்தான் எல்லாம்.

கசுகா லெவல் 44, ஹீரோ வேலை (அவன் சண்டை வகை). கூட நன்பா, அடாச்சி, சாயெகோ. முதல் பாதி சமாளிக்கிறேன், அப்புறம் ஓர் அடியில் நன்பா விழுகிறான், குணப்படுத்த ஆளில்லை.

ஆயுதங்களை மேம்படுத்தினேன். மருந்துப் பொருட்களை நிறைய வாங்கி வைத்தேன். அடி விழும் நொடியில் வட்டப் பட்டனை அழுத்தித் தடுத்தும் பார்த்தேன், பாதி நேரம்தான் சரியாக வருகிறது. லெவல் ஏற்ற உதவும் சொடென்போரி போர் அரங்கத்தில் இன்னும் இறங்கவில்லை.

அரங்கத்தில் ஏறி எந்த லெவல் வந்தபின் இவர்களிடம் திரும்பினால் தாக்குப்பிடிக்கலாம்?