தாத்தாவின் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அமெரிக்க வெள்ளிக் காசுகள்: உருக்கக் கொடுக்கலாமா?

பெரம்பூர் மலர்:
வணக்கம். என் அம்மாவின் அப்பா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். கப்பலில் வருகிறவர்களிடம் வாங்கிச் சேர்த்த காசுகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். போன வாரம் பரணை ஒழித்தபோது கிடைத்தது. பெண் தலை போட்ட பெரிய காசு இரண்டு, 1921, 1923. 1943 போட்ட நடுத்தரக் காசு இரண்டு, அதில் ஒரு பெண் சூரியனைப் பார்த்து நடக்கிறாள். தலையில் சிறகு வைத்த முகத்தோடு பொடிக் காசு ஆறு. எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. தெருமுனை நகைக்கடையில் உருக்கிக் கொலுசு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அத்தை புளி, விபூதி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். என்ன செய்வது?

தங்கசாலைக்காரன்:
மலர், முதலில் அந்தப் புளியைத் தூர வையுங்கள். என் முதல் அமெரிக்க டாலரை நான் விபூதி போட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளக்கத் தேய்த்தேன். அதன் கூந்தல் கோடெல்லாம் மழுங்கிப் போனது. இன்றும் அதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கறுப்பு, காற்றிலுள்ள கந்தகம் படிந்தது. அது இருக்கட்டும்.

1921-இல் டாலர் இரண்டு வகையாக வந்தது. தலையில் கோதுமைக் கதிரும் பருத்திக் காயும் செருகியிருந்தால் மார்கன் டாலர். கிரீடம் போல ஒளிக்கதிர்கள் இருந்தால் பீஸ் டாலர். உங்கள் 1923 நிச்சயம் பீஸ்தான். நடக்கும் பெண் அரை டாலர், சிறகு முகம் டைம், அதாவது பத்து சென்ட். இரண்டையும் வடிவமைத்தவர் அடால்ஃப் வைன்மன்.

மார்கனாக இருந்தால் நம் ஊர்க் கதை ஒன்று அதற்குள் இருக்கிறது. முதல் உலகப் போர் நேரத்தில் இங்கே ரூபாய் அடிக்க வெள்ளி போதவில்லை. மக்களோ நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டார்கள். 1917 கடைசியில் ஒரு ரூபாய்க்கே நோட்டு அடிக்கும் நிலை. 1918-இல் அமெரிக்கா பிட்மன் சட்டம் போட்டு 27 கோடி டாலர் காசுகளை உருக்கியது. பெரும்பகுதி வெள்ளி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து ஜார்ஜ் மன்னர் ரூபாயானது. உருக்கிய அளவுக்குத் திரும்ப அடிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருந்தது. அதனால்தான் 1904-இல் நின்றுபோன மார்கன் 1921-இல் மறுபடி வந்தது. ஒருமுறை நமக்காக உருகிய காசு அம்மா அது. அதைப் போய்த் திரும்பக் கொலுசாக்குவதா?

1921 மார்கன் கோடிக்கணக்கில் அடித்த காசு, பெரிய விலை போகாது. ஆனால் ஒரு டாலரில் 24 கிராம் சுத்த வெள்ளி இருக்கிறது. அந்த வெள்ளியின் விலைக்குக் கீழே எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மயிலை நாணயப் பிரியை:
போலி நிறைய வருகிறது, எடை பாருங்கள். பெரிய காசு 26.73 கிராம், அரை டாலர் 12.5, டைம் 2.5. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நான் ஆசையாக வாங்கிய மார்கன் 18 கிராம்தான் நின்றது. இன்னொரு சோதனை: சின்ன மின்தராசில் தண்ணீர் டம்ளரை வைத்து ஜீரோ ஆக்கி, பெரிய காசை நூலில் கட்டி அடி தொடாமல் முக்குங்கள். 2.6 கிராம் அளவுக்கு ஏறினால் 90 சதவீத வெள்ளிக் கணக்கு சரி.

அப்புறம், மார்கனின் பின்பக்கம் இலை வளையத்துக்குக் கீழே எழுத்து இருக்கிறதா? அது காசு அடித்த ஊரைச் சொல்லும்: எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, டி என்றால் டென்வர், எழுத்தே இல்லை என்றால் பிலடெல்பியா. பி.வி.சி. கவரில் மட்டும் வைக்காதீர்கள், பச்சைப் பிசுக்கு பிடிக்கும்.

பெரம்பூர் மலர்:
பக்கத்து மளிகைக் கடைத் தராசில் 1921 காசு 26.6 கிராம் காட்டியது. தண்ணீரில் 2.6. பருத்திக் காய் தெரிகிறது, கீழே எஸ். அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஆயாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறினேன். 1919 போட்ட ஜார்ஜ் ரூபாய் நான்கு இருக்கின்றன. ஒன்றை எடுத்து மார்கன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அத்தையும் வந்து பார்த்துவிட்டுப் புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.